நேரே வந்து சொல்ல வேணும்

என் கணவர் மரியரட்ணமும் அவருடைய தம்பி ஜெயரட்ணமும் ஒன்பது வருடமாகக் கதைப்பதில்லை. கதைப்பதில்லை என்றால் உறவை வெட்டிக்கொண்டு போனவர்கள் என்று நினைக்க வேண்டாம். அப்படிப் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நத்தார், ஈஸ்டர், பிள்ளைகளின் பிறந்தநாள், செத்தவீடு எல்லாவற்றிலும் இரண்டுபேரும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒரே சட்டியில் இருந்து இறைச்சிக்கறி போட்டுச் சாப்பிடுவார்கள். ஒருவருக்கு மற்றவரிடம் ஏதும் தேவை என்றால் மட்டும் என்னைப் பார்ப்பார்கள்.

“அன்ரனெற், அவனிட்டைக் கேளும், ஸ்னோ டயர் மாத்திப்போட்டானோ எண்டு.”

“மாத்தியாச்சு எண்டு சொல்லுங்கோ அண்ணி.”

இரண்டுபேரும் ஒரே சோபாவில் இருப்பார்கள். ஆனாலும் நான் என் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்ததாகக் கணக்கு.

இதற்கெல்லாம் காரணம் ஒரு மரண அறிவித்தல். மாமி, அதாவது இவர்களின் தாய், காலமானபோது அறிவித்தல் கொடுத்தது என் கணவர். எங்கள் ஆட்களின் அறிவித்தல் தெரியும்தானே. இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய், இன்னாரின் ஆசை மாமி என்று உலகத்தில் உள்ள சொந்தம் எல்லாம் வரிசையாக வரும். அந்த வரிசையில் ஜெயரட்ணத்தின் மனைவி கிளடிஸின் பெயர் விடுபட்டுவிட்டது. மறதி என்றார் இவர். மாமியை ஒருநாளும் கண்டிராத லண்டன் சம்பந்தியின் பெயர் ஞாபகம் வந்தது, கடைசிவரை குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்தினவளின் பெயர் மறந்துபோனதோ என்று கேட்டான் ஜெயரட்ணம். அவன் கேட்டது நியாயம். ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். இவர் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு முழங்கால் மடிவதில்லை. போன வருடம் கிளடிஸ் புற்றுநோயில் போய்விட்டாள். அப்போதும் இவர் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு வந்தார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஜெயரட்ணத்தின் ஒரே மகள் நிரோஷினிக்கு நவம்பரில் கலியாணம் நிச்சயமானது. அங்கேதான் சிக்கல். நேரே வந்து வாயால் சொல்லாத எந்தக் கலியாணத்துக்கும் என் கணவர் போகமாட்டார். தபாலில் வந்த அழைப்பிதழை உறை கிழிக்காமலே குப்பையில் போடுவார். ஆளிடம் சொல்லிவிட்டால், “சொல்லிவிட்டவனே கலியாணத்துக்குப் போகட்டும்” என்பார். இது இவர் மட்டும் பிடிக்கிற பிடிவாதம் இல்லை, இவர்களின் குடும்பமே இப்படித்தான். ஜெயரட்ணத்துக்கும் அது தெரியும். உலகத்தில் உள்ள எல்லாச் செய்தியையும் நான் தூக்கிக் காவலாம், இது ஒன்றை மட்டும் காவ முடியாது.

நிரோஷினி என் மடியில் வளர்ந்த பிள்ளை. கிளடிஸ் இரவு வேலைக்குப் போன காலத்தில் எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டில்தான் படுத்து எழும்பினாள். போன் எடுத்து அழுதாள்.

“பெரியம்மா, I’m serious. அம்மாவும் இல்லை. பெரியப்பாவும் வரேல்லை எண்டால் I’m not walking in.”

அவளும் என் மகன் றொய்சனும் சேர்ந்து போட்ட திட்டம்தான் மோட்டர்ஹோம். அப்பாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் பரிசாம். லாஸ் வேகஸ் வரை பிளேன், அங்கே கட்டிலும் அடுப்பும் உள்ள ஒரு மோட்டர்ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு கிழமை, ஏழு நாள், பாலைவனம் சுற்றுவது. இவர் லொறி ஓடின காலத்தில் அந்தப் பக்கம் எத்தனையோ தரம் போனவர். போனது எல்லாம் இரவில். அந்தச் சிவப்பு மலைகளைப் பகலில் பார்க்க வேண்டும், இறங்கி நடக்க வேண்டும் என்று நெடுகச் சொல்லுவார். அவ்வளவு பெரிய வாகனத்துக்கு இரண்டு ட்ரைவர் வேண்டும், சித்தப்பாவும் வரட்டும் என்றான் றொய்சன். தானும் வருவதாகச் சொன்னவன் கடைசி நேரத்தில் வேலையில் லீவு இல்லை என்றான். வருகிற எண்ணமே அவனுக்கு இருக்கவில்லை.

“அம்மா, ஒரு கிழமை ஒரே பெட்டிக்குள்ளை அடைபட்டுக் கிடந்தால் கல்லும் கதைக்கும்” என்றான்.

கல்லு கதைக்கலாம். இவர்கள் கதைக்கமாட்டார்கள் என்று பெற்ற பிள்ளைக்கே தெரியாமல் போய்விட்டது.

முதல் நாளே தொடங்கியது. இவர் வாகனம் ஓடும்போது ஜெயரட்ணம் முன் சீட்டில் இருக்கமாட்டான். பின்னால் சாப்பாட்டு மேசையில் இருந்து யன்னலால் பார்த்துக்கொண்டு வருவான். நான் நடுவில். “கேளும், வலப்பக்கம் கார் வருதோ எண்டு” என்பார் இவர். நான் கேட்பேன். “வருது எண்டு சொல்லுங்கோ” என்பான் அவன். நான் சொல்ல முதல் அந்தக் கார் எங்களைக் கடந்து, ஹோர்ன் அடித்து, விரலும் காட்டிவிட்டுப் போயிருக்கும். நான் மடியில் இருந்த செபமாலையை விடவே இல்லை.

ஸயன் பூங்காவில் அந்தச் செங்குத்து மலைகளுக்கு நடுவே ஆற்றோரம் நடந்தோம். இவர் முன்னுக்கு, அவன் பின்னுக்கு, நான் நடுவில். ஒருவர் கூப்பிட்டால் எனக்குக் கேட்கிற தூரம், மற்றவருக்குக் கேட்காத தூரம். அளந்து வைத்த மாதிரி நடந்தார்கள். பிறைஸ் பூங்காவில், மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. செம்மண் நிறத்தில் ஆயிரம் ஆயிரம் கல்தூண்கள், திருவிழாவுக்கு வந்த சனம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. காலை வெயில் பட்டு உள்ளுக்குள் விளக்குப் போட்டது போல இருந்தது. என்னை அறியாமல் அழுகை வந்தது. கிளடிஸ் இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பாள் என்று நினைத்தேன்.

“எவ்வளவு வடிவு எண்டு அவனிட்டைச் சொல்லும்” என்றார் இவர்.

“அவனுக்கும் ரெண்டு கண் இருக்கு” என்றேன். எனக்குப் பொறுமை போகத் தொடங்கிவிட்டது.

அன்று பின்னேரம் வாகனத்தை இரவு தங்குகிற முகாமில் பின்னால் எடுத்து விடவேண்டும். இவர் ஸ்டியரிங்கில். பின்னால் நின்று கை காட்டுகிறான் ஜெயரட்ணம். நான் வாகனத்துக்குள் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டுக் குழைத்துக்கொண்டு நின்றேன். திடீரென்று வெளியே கத்துகிறான்: “அண்ணி! நிப்பாட்டச் சொல்லுங்கோ! அண்ணி!” மாக் கையோடு நான் முன்னுக்கு ஓடிப்போய் “நிப்பாட்டுங்கோ!” என்று சொல்ல, படார் என்று சத்தம். மரமேசை ஒன்று பின்னால் நசிந்து போனது. பக்கத்து முகாமில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர், ஏன் அவரைப் பார்த்தே நில் என்று கத்தவில்லை என்று ஜெயரட்ணத்திடம் கேட்டார். வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இன்றைக்கு மேசை. வேறு ஒரு நாள் வேறு ஏதும் என்று நினைத்தேன்.

மொனுமென்ற் வலி என்ற பள்ளத்தாக்கு, குதிரை லாடம் மாதிரி ஆறு வளைகிற இடம், எல்லாம் பார்த்தாயிற்று. கலியாணப் பேச்சு மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. திரும்புகிற நாள் நெருங்கிவிட்டது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முதல் இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஜெயரட்ணம் என்னிடம் வந்தான்.

“அண்ணி, அவரிட்டைச் சொல்லுங்கோவன். வாற மாதம் பதினாலாம் திகதி கலியாணம். வரச்சொல்லி.”

“இதை நான் சொல்லேலாது ஜெயா. உனக்குத் தெரியும்.”

“நீங்கள் சொன்னால் கேப்பார்.”

“கேக்கமாட்டார். நீ வாயைத் திறந்து அண்ணை எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. மிச்சம் தானா வரும்.”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு எழும்பிப் போனான். காலையில் இவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, “என்னவாம் அவன் ராத்திரி?” என்று கேட்டார்.

“நீங்களே போய்க் கேளுங்கோ.”

“எனக்கென்ன. அவன் சொல்லேல்லை, நான் போகேல்லை. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம். நிரோஷினி முதன்முதல் நடந்தது இவருடைய விரலைப் பிடித்து. நான் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தொட்டிக்குள் போட்ட வேகத்தில் அதன் பிடி உடைந்தது.

அன்றைக்கு நடந்த பாதை பெரிய பெயர் உள்ள இடம் இல்லை. வழியில் கண்ட சின்னப் பூங்கா. சிவப்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு வட்டப் பாதை, பாதியில் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் ஏற்றம், மேலே போய்ச் சுற்றிக்கொண்டு வாகனம் நின்ற இடத்துக்கு வரும். வலப்பக்கம் காய்ந்துபோன ஓடை. எங்களைத் தவிர ஒரு குருவி இல்லை. தண்ணீர்ப் பை இவர் முதுகில். என் போன் வாகனத்துக்குள் சார்ஜில் கிடந்தது. எப்படியும் அங்கே சிக்னல் இல்லை.

வழமைபோல் இவர் முன்னால் போய் மறைந்தார். அவன் பின்னால் எங்கேயோ வந்தான். பாதை பிரிகிற இடத்தில் எனக்கு ஒன்றுக்கு வந்தது. வலப்பக்க ஓடைக்குள் இறங்கி ஒரு பாறைக்குப் பின்னால் இருந்தேன். எழும்பியபோது அந்த இடத்தின் அமைதி என்னைப் பிடித்துக்கொண்டது. “கேளும்” இல்லை, “சொல்லுங்கோ” இல்லை. காற்று மட்டும்தான். இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இருந்துவிட்டு வருவோம் என்று நினைத்தேன். கொஞ்சத் தூரம் போனதும் ஒரு பள்ளம். சரளைக் கல்லில் கால் சறுக்கியது. விழுந்தபோது எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

இடது கணுக்கால். பாதம் இருக்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நோவில் வாந்தி வந்தது. கத்தினேன். யாரும் வரவில்லை. வருவார்கள் என்று காத்திருந்தேன். வெயில் பாறையின் மேலே ஏறிக்கொண்டு போனது.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரியவந்தது. அண்ணி முன்னால் அண்ணையோடு போய்விட்டா என்று அவன் நினைத்து மேலே ஏறிப் போயிருக்கிறான். தம்பியோடு பின்னால் வருகிறா என்று இவர் நினைத்திருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. இரண்டுபேரும் வாகனத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, இவர் உள்ளே போய்க் கட்டிலில் சரிந்திருக்கிறார். அவன் வெளியே நிழலில் கதிரை போட்டு இருந்திருக்கிறான். நான் வெளியே தம்பியோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இவர் நினைத்தார். நான் உள்ளே இவரோடு படுத்திருக்கிறேன் என்று அவன் நினைத்தான். நடுவில் ஒரு தகரக் கதவு. “அன்ரனெற் எங்கை?” என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். கேட்பதற்கு நான் வேண்டும். நான்தான் இல்லையே. அப்படியே நெடுநேரம் இருந்திருக்கிறார்கள், இரண்டு மாடுகளும்.

நான் பள்ளத்துக்குள் கிடந்தேன். நாக்குத் தடித்துவிட்டது. கத்திக் கத்திக் குரல் அடைத்து, காற்று மட்டும் வந்தது. நிழல் முழுவதும் மூடியதும் குளிரத் தொடங்கியது. அக்டோபர் மாதத்தில் அங்கே பகலில் வேர்க்கும், இரவில் உறையும் என்று றொய்சன் சொன்னது ஞாபகம் வந்தது. இங்கேயே செத்துப்போனால் என் அறிவித்தலில் யார் யாருடைய பெயர் விடுபடும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நோவிலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

பிறகு குரல் கேட்டது. “அன்ரனெற்!” இவருடைய குரல். தூரத்தில், மேலே, இடப்பக்கம். நான் பதில் சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. குரல் சுற்றிக்கொண்டு போய்த் தேய்ந்தது. கொஞ்ச நேரத்தில் “அண்ணி! அண்ணி!” என்று மற்றவனுடைய குரல். அதே இடப்பக்கம், அதே ஏற்றம், அதே சுற்று. திரும்பவும் இவர். திரும்பவும் அதே பக்கம். மடுமாதாவே, இரண்டுபேரும் ஒரே பாதையை மாறி மாறித் தேடுகிறார்கள். நான் பார்த்த இடத்தை நீ பார்க்காதே என்று சொல்ல வாய் இல்லாமல் தேடுகிறார்கள். வலப்பக்கம் ஒருவரும் வரவில்லை. அந்த நேரம்தான் நான் உண்மையாகப் பயந்தேன். பாலைவனம் என்னைக் கொல்லாது, இவர்களின் ரோசம் கொன்றுவிடும் என்று தெளிவாகத் தெரிந்தது.

பாதை பிரிகிற இடம் நான் கிடந்த பள்ளத்துக்குக் கிட்டத்தான் இருந்தது. அங்கே கல் உருளுகிற சத்தம் கேட்டது. ஒருவர் வந்து நின்றார். எதிர்ப்பக்கத்தால் மற்றவரும் வந்து நின்றார். இரண்டுபேரும் மூச்சு வாங்குவது பாறையில் பட்டு எனக்குக் கேட்டது. கைக்குக் கிடைத்த கல் ஒன்றை எடுத்தேன், பாறையில் தட்டுவதற்கு.

“அங்காலை நான் பாத்திட்டன்.” ஜெயரட்ணத்தின் குரல். கல்லுக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு இவர், “நானும் அங்கைதான் பாத்தனான்” என்றார்.

“அப்ப ரெண்டுபேரும் ஒரே இடத்தையே பாத்திருக்கிறம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை நீ?”

“நீங்கள் என்னட்டைக் கேட்டனீங்களோ?”

என் கை அந்தரத்தில் நின்றது. ஒன்பது வருடம். தட்டினால் வந்துவிடுவார்கள், தண்ணீர் கிடைக்கும். ஆனால் தட்டின உடனே இந்தப் பேச்சு அறுந்துவிடும். திரும்ப “அன்ரனெற், கேளும்” என்று தொடங்கிவிடும். நிரோஷினி கோயில் வாசலில் நிற்பது கண்ணில் வந்தது. கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தேன். சொல்லு ஜெயா, சொல்லு, இப்பவே சொல்லு.

அவன் கலியாணத்தைச் சொல்லவில்லை, கிளடிஸைச் சொன்னான். பாறை அதிரக் கத்தினான். அம்மாவின் மலம் அள்ளினவள், அவளின் பெயரை எப்படி அண்ணை மறந்தனீங்கள் என்று கேட்டான். அந்தக் கோபத்திலும் “நீங்கள்” என்றுதான் வந்தது.

“அவள் செத்த நேரம் நான் குடுத்த அறிவித்தலிலை உங்கடை பேரைப் போட்டனான். மரியரட்ணத்தின் பாசமிகு மைத்துனி எண்டு. பாத்தனீங்களோ?”

“பாத்தனான்.”

“பாத்திட்டு?”

இவர் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு வருடம் கூடப் படுத்தவள், எனக்குத் தெரியாதா? மூக்கை உறிஞ்சி, “பிழை விட்டிட்டன் ஜெயா. வெக்கத்திலை வரேல்லை உன்னட்டை” என்றார்.

என் கண்ணாலும் வடிந்தது. அந்த வார்த்தைக்காக நான் இன்னொரு காலையும் உடைக்கக் கொடுத்திருப்பேன். இனித் தட்டலாம் என்று கல்லைத் தூக்கினேன். அப்போதுதான் ஜெயரட்ணம் அதைச் சொன்னான்.

“எப்பவோ கதைச்சிருப்பம் அண்ணை. அண்ணி நடுவிலை நிண்டு எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொண்டுபோய்க் குடுத்தபடியாத்தானே இப்பிடியே இழுபட்டது. அவா இல்லாட்டி ஒரு மாதத்திலை சரிவந்திருக்கும்.”

“ஓம்” என்றார் என் கணவர். “அது சரிதான்.”

ஒன்பது வருடத்தில் இரண்டுபேரும் முதல்முதல் ஒத்துக்கொண்ட விசயம் அது. நான் பிழை. சமைத்த கையோடும், நோவு பிடித்த முதுகோடும், ஒருவர் மனம் நோகாமல் சொல்லைப் பார்த்துப் பார்த்து மாற்றிக் காவின நான் பிழை. அதில் ஒரு துளி உண்மை இருக்கிறதோ என்று இப்போது யோசித்தாலும் நெஞ்சு எரிகிறது. அன்று யோசிக்கவில்லை. கல்லை ஓங்கிப் பாறையில் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். என்னைக் கண்டுபிடிக்கட்டும் என்பதற்காக அல்ல, ஆத்திரத்தில் அடித்தேன்.

ஓடிவந்தார்கள். சரளையில் சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். இவர் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினார். தண்ணீரைப் பருக்கினார். தூக்க வேண்டும், இருட்டப் போகிறது. என் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு, பழக்கதோசத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“அவனிட்டைச் சொல்லும், காலைப் பிடிக்கச் சொல்லி.”

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கால் உயிர் போக நொந்தது, ஆனாலும் திறக்கவில்லை. இவர் என்னைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

“எந்தக் கால், அண்ணை?” என்று கேட்டான் ஜெயரட்ணம்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவர்கள் கதைத்து நடந்தது. இரண்டுபேரும் கையைக் கோத்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள், கல்லு, பள்ளம், பாத்து என்று ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டு. ஆஸ்பத்திரி இருந்த ஊர் வரை ஜெயரட்ணம் வாகனம் ஓட, இவர் முன்சீட்டில் இருந்து பாதை சொன்னார். நான் பின்கட்டிலில் கிடந்து இரண்டு பின்மண்டைகளையும் பார்த்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். நான் கேட்டு அழுத செபம் எல்லாம் பலித்துவிட்டது. ஆனால் அந்த “ஓம், அது சரிதான்” என் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து கிழமைகள் ஆகிவிட்டன. கால் பிளாஸ்டரில், சோபாவில். சூப்போடு வருகிற சனம் எல்லாம் முதலில் கேட்பது, “ட்ரவல் இன்சூரன்ஸ் எடுத்தனீங்களோ?” அவர்களோடு கதைப்பேன். இவரோடு கதைப்பதில்லை. பாத்ரூமுக்குப் போகவேண்டும் என்றால் ஊன்றுகோலைத் தட்டுவேன். நோகுதோ என்று கேட்பார், சுவரைப் பார்ப்பேன். ஏன் என்று இவருக்கு விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் கேட்டேன் என்பது தெரியாது. நானும் சொல்லவில்லை. இவர் என் காலுக்குத் தலையணையை மூன்று தரம் மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பிறகு அந்த “ஓம்” ஞாபகம் வரும்.

ஜெயரட்ணம் வேலை முடிய மிசிசாகாவில் இருந்து நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ட்ராஃபிக் பட்டு வந்துவிடுவான். இரண்டுபேரும் குசினி அடுப்படியில் இருந்து கதைப்பார்கள், ஒன்பது வருடக் கதை. சிரிப்புச் சத்தம் கேட்கும். “அண்ணிக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேளுங்கோவன் அண்ணை” என்று அவன் சொல்வதும் கேட்கும். என் முகத்தைப் பார்த்துக் கேட்க அவனுக்குப் பயம். பெண்கள் வாய் மூடினால் ஆண்களுக்குப் பயம் வந்துவிடும்.

போன ஞாயிறு பூசை முடிய வந்தான். கோட் போட்டு, தலை வாரி இழுத்து, பலகாரப் பெட்டியும் அழைப்பிதழும் கையில். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இவருக்கு முன்னால் நின்றான்.

“அண்ணை, பதினாலாம் திகதி பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

இவர் எழும்பி அவனைக் கட்டிப்பிடித்தார். இரண்டுபேரும் அழுதார்கள். நானும் அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். நிரோஷினி கோயிலுக்குள் நடப்பாள், இவர் இருப்பார். அது போதும் என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை. குடையையும் கொண்டு வாங்கோ என்பது போல அல்லவா சொன்னான்? அந்தக் கலியாணத்துக்காகக் கால் உடைந்தவள் நான். எட்டடி தூரத்தில் சோபாவில் கிடக்கிறேன். எனக்கு ஆர் சொன்னது?

அவன் வாசலுக்குப் போய் ஒரு சப்பாத்தைப் போட்டான். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பாலைவனத்துக்குப் பிறகு இவருக்கு நான் சொன்ன முதல் வார்த்தை.

“இஞ்சருங்கோ. நேரை வந்து சொல்லாத கலியாணத்துக்கு நான் வாறேல்லை எண்டு உங்கடை தம்பியிட்டைச் சொல்லுங்கோ.”

அவனுக்குக் கேட்டிருக்கும். இவருக்கும் கேட்டது. ஆனால் அவன் அசையவில்லை. ஒரு காலில் சப்பாத்தோடு, அந்தச் செய்தி வந்து சேரும்வரை காத்துக்கொண்டு நின்றான். இவர் அழைப்பிதழைப் பிடித்தபடி எழும்பி, சோபாவுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

“தம்பி,” என்று தொடங்கினார், “அண்ணி சொல்லுறா...”

அழைப்பிதழை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார். அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.